சுண்ணாம்பு பூசிய தொட்டி

எங்கள் ஊர் எண்ணெய் ஆலைக்கு இதுதான் கடைசிப் பருவம் என்று மாகாண அலுவலகம் சொல்லிவிட்டபோது, ஆலைக்காக யாரும் அழவில்லை. எல்லோருக்கும் ஒரே வயிற்றெரிச்சல்தான்: இனிமேல் காயை ஏற்றிக்கொண்டு கீழ் வராசிக்குப் போக வேண்டும்.

நாங்கள் மேல் வராசி. மலைச்சரிவில் கொஞ்ச தூரம் இறங்கினால் கீழ் வராசி. க்ரீட் தீவு முழுக்கத் தேடினாலும் இப்படி ஏழாம் பொருத்தமான இரண்டு ஊர்கள் கிடைக்காது. என்ன சண்டை என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. இரண்டு ஊர்க் கோயில்களுக்கும் நான் ஒருவனே பாதிரியார். இரண்டு ஊர்ப் பாவசங்கீர்த்தனமும் என் காதில்தான் விழுகிறது; அதில் பாதி, அடுத்த ஊர்க்காரன் செய்த பாவம்.

வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைத்துவிட வேண்டாம். பறித்த ஒலிவக் காயை மூட்டையில் போட்டு வைத்தால் உள்ளுக்குள் சூடேறிப் புளித்துவிடும். உடனுக்குடன் அரைத்தால்தான் எண்ணெய் எண்ணெயாக இருக்கும். கீழ் வராசி ஆலையில் அவர்கள் காய் முதலில் இறங்கும், எங்கள் காய் கடைசியில் இறங்கும். அப்படி வரும் எண்ணெய் விளக்குக்குத்தான் ஆகும். இந்த ஊருக்கு எண்ணெயை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது.

ஆலையை மூடச் சொன்னதற்குக் காரணம் கருந்தண்ணீர். கத்சிகாரோ என்போம். காயை விழுதாக அரைத்துச் சுழலவிட்டால் எண்ணெய் ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம், இந்தத் தண்ணீர் ஒரு பக்கமாகப் பிரிந்து வரும். எண்ணெயைவிட இதுதான் அதிகம் வரும். கறுப்பாக, கசப்பாக, ஊரைக் கூட்டும் நாற்றத்தோடு இருக்கும். ஆலைக்குப் பின்னால் ஒரு குட்டையில் விட்டுக் கோடையில் காயவிடுவோம். மழை வலுத்தால் குட்டை நிரம்பி ஓடையில் இறங்கும். போன குளிர்காலத்தில் அப்படி இறங்கியதில் ஓடை மீனெல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. புகார் கொடுத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. கீழ் வராசிக்காரர்களின் குட்டை பெரியது, நிரம்பாது. அதை எங்களிடம் சொல்லிக்காட்டாத நாளில்லை.

இந்த நிலைமையில் ஆலைச் சங்கத்துக்குத் தலைவியாக வந்து மாட்டிக்கொண்டவள் அர்கிரோ. ஊர்ப் பெண். இராக்லியோன் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள்; அப்பா போன பிறகு அவருடைய மரங்களைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தாள். மூடப்போகிற ஆலைக்குத் தலைவராக யாரும் முன்வராததால் அவள் பெயரைச் சொல்லி எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். அவளோ அதை நிஜமான பதவியாக எடுத்துக்கொண்டாள்.

ஒருநாள் காபிக்கடையில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னாள்: "மீனக் கொல்றது எது தெரியுமா? அந்தத் தண்ணியில இருக்கிற கசப்புச் சத்து. அதையே பட்டணத்துல மாத்திரைல போடறாங்க, மூஞ்சிக்குப் பூசற க்ரீம்ல போடறாங்க. நாம அத ஓடையில விட்டுட்டுத் திட்டு வாங்கிட்டு இருக்கோம். அத மட்டும் பிரிச்சு எடுத்துட்டா, மிச்சத் தண்ணிய நாணல் பாத்தில விட்டுத் தெளிய வச்சு மரத்துக்கே பாய்ச்சலாம்."

"அப்ப எண்ணெயக் கொட்டிட்டுக் கழிவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்னு சொல்லு," என்றார் ஒருவர்.

"உங்க எண்ணெய்க்கு அதான் மாமா நல்லது," என்றாள். அவர் காபியைக் குடிக்க ஆரம்பித்தார்.

சொன்னதோடு நிற்கவில்லை. எங்கிருந்தோ ஒரு சோதனைக் கருவியை இரவல் வாங்கி வந்து ஆலைக்குப் பக்கத்துக் கொட்டகையில் பொருத்தினாள். கருந்தண்ணீர் ஒன்றன்பின் ஒன்றாக வடிகட்டிகளைத் தாண்டி, சின்னச் சின்னப் பிசின் மணிகள் நிரப்பிய கண்ணாடிக் குழாய்க்குள் இறங்கும். கசப்புச் சத்து மணிகளில் ஒட்டிக்கொள்ளும், மிச்சத் தண்ணீர் வெளியே போகும். பிறகு மணிகளை ஆல்கஹாலில் அலசி, அதை ஆவியாக்கினால் தேன் நிறத்தில் கொஞ்சம் பாகு நிற்கும். எனக்கு ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். தொண்டை எரிந்து கண்ணில் நீர் வந்துவிட்டது. அன்று மாலை ஜெபத்தை அரைக் குரலில்தான் சொல்ல முடிந்தது.

இதை ஊர் அளவில் செய்யப் பெரிய எந்திரம் வேண்டும். சங்கத்தால் ஆகிற காரியமில்லை. தெசலோனிக்கியில் மாத்திரை செய்யும் ஒரு கம்பெனியை அவள் எழுதியும் பேசியும் வழிக்குக் கொண்டுவந்தாள். அவர்களுடைய ஆள் நேரில் வந்து, கண்ணெதிரே எடுத்த பாகைப் பார்த்துத் திருப்தியானால், எந்திரத்தை அவர்களே வைத்து அவர்களே ஓட்டுவார்கள். கருந்தண்ணீருக்கு வழி பிறந்துவிட்டால் மாகாண அலுவலகமும் ஆலையை விட்டுவிடும். இல்லையென்றால் கீழ் வராசிதான்.

வருகிறவள் கொடுத்த நாள் டிசம்பர் பன்னிரண்டு. அது எங்கள் ஊர்க் காவலர் புனித ஸ்பிரிடோனின் திருநாள். அன்றைக்கு ஆலை ஓடாது. அவர் நாளில் எந்திரத்தைச் சுழற்றினால் சுழற்றியவன் வீட்டுக்கு ஆகாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை. நான் அதைப் பிரசங்கித்தது கிடையாது. எதிர்த்துப் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டதும் கிடையாது. வேறு நாள் கேட்டுப் பார்த்தாள் அர்கிரோ, கிடைக்கவில்லை. அதனால், முந்தின நாள் கடைசி அரைப்பின் தண்ணீரைக் கொட்டகையில் இருக்கும் சின்னத் தொட்டியில் பிடித்து வைத்து, திருநாளன்று அதைக் கருவியில் ஓட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தாள்.

ஆலை மேஸ்திரி மனூசோஸ் என் மனைவியின் அண்ணன் (எங்கள் கிரேக்கச் சபையில் பாதிரியாருக்குக் கல்யாணம் உண்டு). அர்கிரோவுக்கு ஞானத்தகப்பன். அவளுடைய ஞானஸ்நானத்தில் நான் ஜெபம் சொல்ல, அவர்தான் குழந்தைக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்தார். ஆலையில் யார் காய் முதலில், யார் காய் அடுத்தது என்பதெல்லாம் அவர் வைத்த சட்டம். சொந்தபந்தம் எதுவும் அவரிடம் செல்லாது. ஒருமுறை என் காயையே மறுநாளுக்குத் தள்ளினார். எனக்கு வந்த கோபம் தவக்காலம் முடிந்தும் இறங்கவில்லை.

ஆரம்பத்தில் அவரும் இந்தக் கருவியைப் பார்த்துச் சிரித்தவர்தான். நவம்பரில் காய் வரத் தொடங்கியதும் அர்கிரோ கூடவே நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க மனம் மாறியது. டிசம்பருக்குள் அவரைப்போல் இதை நம்பியவர் ஊரில் வேறு யாருமில்லை. காபிக்கடையில் யாராவது 'கழிவு' என்று வாயெடுத்தால், "மரியாதையாப் பேசு" என்பார்.

திருநாளுக்கு முந்தின நாள் காலை. விருந்தாளியை அழைத்துவர அர்கிரோ இராக்லியோனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய பழைய வண்டியில் ஒரு கதவு உள்ளேயிருந்துதான் திறக்கும். ஏதோ வேலையாக நான் ஆலைக்குப் போனபோது, வண்டிக்குள் உட்கார்ந்தபடி மனூசோஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"தொட்டியக் காலி பண்ணிக் கழுவிடுங்க மாமா. சாயந்தரம் கடைசி அரைப்புல வர்ற தண்ணிய நேரா அதுல விடுங்க. சத்து கெடாம இருக்க இந்த எலுமிச்சை உப்புப் பொட்டலத்தக் கொட்டி மூடிருங்க. அவ்ளோதான்."

"எந்த அளவுக்குக் கழுவணும்?"

"இனிமே அது கழிவு இல்லல்ல மாமா. மனுஷன் வாயில போடற சாமான். உங்க வீட்டுக் குடிதண்ணித் தொட்டி மாதிரி நினைச்சுக்குங்க."

"குடிதண்ணித் தொட்டி மாதிரியா?" மனூசோஸின் முகம் மலர்ந்தது. "அப்ப நீ கவலைய விடு. போயிட்டு வா."

அவளும் கவலையை விட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் ஊரில் ஆறு கிடையாது. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறோம். மழைக்கு முன்னால் தொட்டியைக் காலி செய்து, தேய்த்து, உட்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்போம். அடியில் கொஞ்சம் சுண்ணாம்புப் பாலை அப்படியே விட்டுவைப்போம், தண்ணீர் கெடாமல் இருக்க. சுண்ணாம்பு அடிக்காத தொட்டியிலிருந்து மொண்டு கொடுத்தால் வந்தவர் வாங்கிக் கீழே ஊற்றிவிட்டுப் போவார். அர்கிரோவும் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள்தான். ஒரு பேச்சுக்குச் சொன்னதை ஒரு மனிதர் இவ்வளவு மதிப்பார் என்று அவள் எதிர்பார்த்திருக்கமாட்டாள்.

சுண்ணாம்பு அந்தக் கசப்புச் சத்துக்கு எமன் என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும். மனூசோஸுக்கும் அப்படித்தான்.

மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்தார். "மச்சான், கோயில் குழியில நீத்த சுண்ணாம்பு மிச்சம் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"தொட்டிக்கு."

எந்தத் தொட்டி என்று நான் கேட்டேன், அவரும் சொன்னார். அதில் தவறாக எனக்கு எதுவும் படவில்லை. ஊரில் எவனுக்கும் பட்டிருக்காது. இரண்டு வாளி எடுத்துக்கொண்டு போனவர், சற்று நேரத்தில் ஆளனுப்பினார். ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போகும்படி. போனேன். தலையில் துணி கட்டிக்கொண்டு தொட்டிக்குள் நின்று இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே கண் கூசியது.

"கறுப்புத் தண்ணி விடப்போற இடத்துக்கு எதுக்குய்யா இவ்ளோ வெள்ளை?" என்றேன்.

"அந்தம்மா மூடியத் தொறந்து பாக்கும்ல. மேல் வராசிக்காரன் அழுக்குப் பயன்னு தெசலோனிக்கில போய்ச் சொல்லக் கூடாது." தூரிகையை உதறினார். "முப்பது வருஷமா இந்தத் தண்ணிய மிதிச்சுட்டு வீட்டுக்குப் போனா என் பொண்டாட்டி வாசல்லயே பூட்ஸக் கழட்ட வைப்பா. இனிமே அதையே மாத்திரையா முழுங்கப்போறா. நாலு நாள் கழிச்சு மூஞ்சி பளபளன்னு ஆச்சுன்னா எனக்குத்தான் ஆபத்து."

நான் தெளித்துவிட்டு வந்தேன். மாலையில் கடைசி அரைப்பின் தண்ணீரை அந்தத் தொட்டியில் நிரப்பினார். பொட்டலத்தையும் மறக்காமல் கொட்டினார். சொன்னதில் ஒன்றைக்கூட விடவில்லை.

மறுநாள் திருப்பலி முடிந்து, ஐந்து ரொட்டிகளை ஆசீர்வதித்து, துண்டு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அர்கிரோவின் வண்டி வந்து நின்றது. இறங்கிய பெண்ணின் பெயர் மெல்போ. ஐம்பது வயதிருக்கும். வெட்டிய முடி, சேறு படிந்த பூட்ஸ், கையில் ஒரு கனத்த பெட்டி. சிரிப்பைச் செலவு செய்கிறவளாகத் தெரியவில்லை. கருவாட்டு மீன் பொரியலும் கொண்டைக்கடலையுமாகப் பெண்கள் தட்டை நீட்டினார்கள். "வேலை முடியட்டும், அப்புறம் சாப்பிடறேன்," என்றாள். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லித் தப்பித்தவர்கள் குறைவு. அவள் தப்பித்துவிட்டாள்.

பாதி ஊர் பின்னால் வர, கொட்டகைக்குப் போனோம். மனூசோஸ் வெள்ளைச் சட்டையும் கறுப்பு அரைக்கோட்டும் போட்டு, மீசையைச் சீவிக்கொண்டு தொட்டியருகே நின்றார். அவரே மூடியைத் தூக்கினார்.

முதலில் எனக்குத் தெரிந்தது நாற்றம் இல்லை என்பது. நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். புதுக் கருந்தண்ணீர் செம்மண் கலந்த காபி நிறத்தில் இருக்கும். இதுவோ தார்க் கறுப்பாக இருந்தது. மேலே அழுக்கு நுரை படிந்திருந்தது. சுவரில் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே மட்டும் வெள்ளை. மெல்போ பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு லிட்மஸ் தாளைக் கிழித்து நனைத்தாள். அது நீலமாயிற்று. அதை அர்கிரோவின் பக்கம் நீட்டினாள்.

அர்கிரோவின் முகத்தில் ஈயாடவில்லை. சுவரை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மாமா, சுண்ணாம்பு அடிச்சீங்களா?"

"அடிச்சேனே. ரெண்டு பூச்சு. அடியிலயும் தாராளமா விட்டிருக்கேன். நீ சொன்ன மாதிரியே, குடிதண்ணித் தொட்டிக்குச் செய்றத விடவும் ஒரு படி மேல." அவர் மெல்போவைப் பார்த்துத் தலையசைத்தார். "தங்கச்சி நல்லாப் பாத்துக்கட்டும்."

மெல்போதான் பேசினாள். குரலில் கோபம் எதுவுமில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "சுண்ணாம்பு பட்டா எனக்கு வேண்டிய சத்து காத்துபட்டே கெட்டுக் கறுத்துப் போயிடும் ஐயா. மிச்சம் மீதி இருந்தா அடியில படிஞ்சிடும். தண்ணி சுத்தமாகணும்னா நீங்க செஞ்சது தப்பில்ல. எனக்கு வேண்டியது தண்ணி இல்ல."

ஆசை விடாமல் ஒரு குடுவையை மட்டும் கருவியில் ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வந்தது துணி அலசிய தண்ணீர் மாதிரி இருந்தது. அர்கிரோ அதை நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினாள். அதில் கசப்பே இல்லை.

"நேத்துத் தண்ணி வேற எதுலயாவது இருக்கா?" என்றாள் மெல்போ.

"குட்டையில போயிடுச்சு," என்றார் மனூசோஸ்.

"அப்ப புதுசா அரைங்க."

"இன்னிக்கு ஆலை ஓடாது. நாளைக்கு..." என்று இழுத்தாள் அர்கிரோ.

"எனக்குச் சாயந்தரம் விமானம். அடுத்த வாரம் வேற ஊர்ல வேற ஆலை பாக்கணும். நான் ஒரு ஆலைதான் எடுப்பேன். நாளைக்குன்னா இல்ல."

மனூசோஸுக்கு விஷயம் முழுதாக இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். தனியாக இருந்தால் மச்சான் என்பார். இப்போது அப்படிக் கூப்பிடவில்லை.

"சாமி, மெஷினப் போடலாமா?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "ஓய்வுநாள்ல மாடு கிணத்துல விழுந்தா தூக்கறதா வேண்டாமான்னு சுவிசேஷத்துலயே கேட்டிருக்கு," என்றேன். "போய்த் தூக்கு."

"அரைக்கக் காய் வேணுமே," என்றாள் அர்கிரோ கூட்டத்தைப் பார்த்து. "யார் வீட்டுல பறிச்ச காய் இருக்கு?"

எல்லார் வீட்டிலும் இருந்தது. கோயிலுக்கு வரும் வழியில் ஒவ்வொரு முற்றத்திலும் மூட்டைகளை நானே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"எங்க காய் இன்னும் மரத்துலதான் இருக்கு," என்றார் ஒருவர்.

"என் மருமக முழுகாம இருக்கா. இன்னிக்குப் போய் எந்திரம் கிந்திரம்னு..." என்றாள் ஒரு பெண்.

"தர்றதுல ஒண்ணுமில்ல. அப்புறம் ஆலங்கட்டி மழை பெஞ்சா மரத்துக்கு யார் பதில் சொல்றது?"

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "கீழ் வராசிக்காரன் வாசல்ல நிக்கமாட்டோம்னு தொண்டை கிழியக் கத்தினீங்களே. அந்தத் தொண்டையெல்லாம் இப்ப எங்க போச்சு?" பாதிரியார் உடையில் அப்படிக் கத்தக் கூடாதுதான். கத்தியும் ஒரு மூட்டை கிடைக்கவில்லை. ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். புனிதருக்குப் பயந்தவர்கள் சிலர், அடுத்தவர் என்ன சொல்வாரோ என்று பயந்தவர்கள் பலர்.

"விடுங்க சாமி," என்றார் மனூசோஸ். "என் காய் இருக்கு."

மற்றவர்கள் காயை முடித்துவிட்டுத்தான் மேஸ்திரி தன் காயைத் தொடுவார். அந்த வருடம் அவருடைய காய் அப்போதுதான் பறித்துக் கிடந்தது. வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் மனைவி வாசலில் நின்று சிலுவை போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். தடுக்கவில்லை அவள்.

உதவிக்கு நானும் அர்கிரோவும் மட்டும்தான். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு மூட்டையைப் பிரித்தேன். எந்திரம் கிளம்பியபோது, திருநாளன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகாத என் காதுக்கே ஒருமாதிரி இருந்தது. சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். கீழ் வராசியில் இந்நேரம் எங்களைப் பற்றி என்னென்ன பேசிக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை அதையும் நான்தான் கேட்க வேண்டும்.

அரைக்கோட்டைக் கழற்றிவிட்டு ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்ட மனூசோஸ் எதிலும் அவசரப்படவில்லை. காயைக் கழுவி, இலை தள்ளி, விழுதாக்கி, பிசையும் தொட்டியில் அதற்கு வேண்டிய நேரம் விட்டார். விழுதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு அனுப்பினார். ஒருபக்கம் பச்சையாக எண்ணெய் இறங்கியது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம் வெதுவெதுப்பாக, சிவப்போடிய கறுப்பில் தண்ணீர் வந்தது. மெல்போ அதைத் தன்னுடைய பாத்திரத்திலேயே பிடித்தாள். தாள் சிவப்பாகவே இருந்தது. வடிகட்டிகள், கண்ணாடிக் குழாய், ஆல்கஹால், ஆவி. எல்லாம் முடிய வெகுநேரம் ஆனது. கடைசியில் குடுவையின் அடியில் தேன் நிறத்தில் கொஞ்சம் நின்றது.

பெட்டியிலிருந்த சின்ன எந்திரத்தில் அளந்து பார்த்தாள். திரும்பவும் அளந்தாள். பிறகு விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல்முறையாகச் சிரித்தாள்.

"இது சரக்கு," என்றாள். "இந்த மலைக் காய்ல இவ்ளோ இருக்கும்னு நான் நினைக்கல. ஒப்பந்தம் போட்டுக்கலாம்."

அர்கிரோ சுவரில் சாய்ந்துகொண்டாள். நான் மனதுக்குள் புனிதருக்கு நன்றி சொன்னேன், அவர் நாளிலேயே அவரை மீறியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அந்த வரிசையில்தான்.

மெல்போ பெட்டியை மூடினாள். "ஒரு நிபந்தனை இருக்கு. எழுத்துலயும் வரும். காய் இறங்கற இடத்துலேருந்து தண்ணித் தொட்டி வரைக்கும் எங்க பொறுப்பு. பயிற்சி எடுத்த ஆளுங்க மட்டும்தான் கை வைக்கலாம். அந்தப் பெரியவர் வேண்டாம்."

மனூசோஸ் ஆலைக்குள் தரையைக் குழாய்த் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தார். கொட்டகைக்கும் ஆலைக்கும் நடுவில் கதவு கிடையாது.

"இன்னிக்கு இத ஓட்டினதே அவர்தான்," என்றாள் அர்கிரோ.

"பாத்தேன். அருமையா ஓட்டினார். அதனாலதான் கடுதாசில சொல்லாம நேர்ல சொல்றேன்."

"தப்பு என்னோடது. குடிதண்ணித் தொட்டி மாதிரின்னு சொன்னது நான்."

"இருக்கலாம். ஆனா நாளைக்கு நீங்க ஊர்ல இல்லாதப்ப அவர் இன்னொரு நல்லது செஞ்சார்னா ஒரு பருவச் சரக்கு போயிடும். மாத்திரை ஜனங்க வாய்க்குள்ள போறது. நான் பயப்பட்டுத்தான் ஆகணும்." கடிகாரத்தைப் பார்த்தாள். "முடியாதுன்னா சொல்லிடுங்க, வருத்தப்படமாட்டேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அர்கிரோ என்னைப் பார்த்தாள். பாதிரியார் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருக்கலாம். இடுப்பில் செருகியிருந்த அங்கியை நான் இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"சரி," என்றாள் அவள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டியிருக்கலாம், இன்னும் கொஞ்ச நேரமாவது எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதே 'சரி'யைத்தான் சொல்லியிருப்பேன். அது தெரிந்ததால் கோபம் கூடியதே தவிர அடங்கவில்லை. பாதிரியாருக்குச் செய்யும் வழக்கப்படி மெல்போ என் கையை முத்தமிட்டுவிட்டு வண்டிக்குப் போய் உட்கார்ந்தாள்.

நாங்கள் இருவரும் ஆலைக்குள் போனோம். மனூசோஸ் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஆலை நிக்குமா?" என்றார்.

"நிக்கும் மாமா."

"கீழ போக வேண்டாம்ல?"

"வேண்டாம்."

"அப்ப சரி." குழாயைச் சுவரோரம் வைத்தார். "பிசையற தொட்டியில வலது பக்க பேரிங் சூடாகும். வர்ற பசங்க கிட்டச் சொல்லிடு. அளவு காட்டற முள்ள நம்ப வேண்டாம், கைய வச்சுப் பாக்கச் சொல்லு."

"சொல்றேன்."

"காய் ஈரமா வந்தா கொஞ்சம் பொறுத்துத்தான் விடணும். அதையும் சொல்லு."

"சொல்றேன் மாமா."

கட்டியிருந்த ரப்பர் ஏப்ரனை அவிழ்க்க முதுகுப்பக்கம் கையைக் கொண்டுபோனார். முடிச்சு தண்ணீரில் ஊறி இறுகியிருந்தது. முப்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு அவிழ்த்த முடிச்சு. விரல் வழுக்கியது, திரும்பவும் பிடித்தார், திரும்பவும் வழுக்கியது. அர்கிரோ பின்னால் போய் நின்று, அவர் கைகளை மெல்ல விலக்கிவிட்டு முடிச்சைப் பிடித்தாள். அது லேசில் வரவில்லை. நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்து இழுத்தாள். சத்தம் வராமல் அழுதுகொண்டேதான் அவிழ்த்தாள். மனூசோஸ் எங்களைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். வெளியே மெல்போ ஹாரன் அடித்தாள். முடிச்சு அவிழ்ந்து ஏப்ரன் அர்கிரோவின் கைக்கு வந்தது. அதை எங்கே மாட்டுவது என்று அவருக்குக் காட்டத் தோன்றவில்லை, அவள் அதைக் கையில் பிடித்தபடியே வண்டிக்கு நடந்தாள்.